பங்க்னு மட்டும் போடாதீங்க

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வகுப்பு இல்லை. சாலைக் குறியீடுகள் அச்சிட்ட பெரிய அட்டைக்குக் கீழே, மாணவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூன்று பேர் உட்கார்ந்து ஒரே ஒரு சொல்லுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வரப்போகும் இசைத்தட்டின் பின்னட்டையில், குழுவின் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு சொல் வர வேண்டும். இவர்கள் வாசித்தது எந்த வகை இசை? கேள்வி அவ்வளவுதான். இதற்குப் போய் இத்தனை கூச்சலா என்று வழியில் போகிறவர்கள் கேட்கலாம். கூச்சல் போடாமல் எதையும் செய்து அந்தக் குழுவுக்குப் பழக்கம் கிடையாது.

பள்ளியின் முதலாளி கம்பி. அந்தக் காலத்தில் ஆளும் ஒல்லி, கையில் கிட்டாரும் இருந்தது, இரண்டுக்கும் சேர்த்து வைத்த பெயர். இப்போது தொப்பை வந்துவிட்டது, பெயர் மட்டும் இளைத்தபடியே இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்தவள் இடி. டிரம்ஸ் அடித்தவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? இப்போது அவள் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க மெழுகும் பிளாஸ்டருமாக, முகம் தெரியாதவர்களின் வாயை அச்சில் மட்டும் பார்த்துப் பல் கட்டுகிறவள். மூன்றாவது ஆள் இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து மடிக்கணினியோடு வந்திருந்த பெண். குழு உடைந்தபோது அவள் பள்ளிக்கூடப் பையைச் சுமந்துகொண்டு திரிந்திருப்பாள். ஆனாலும் குழுவைப் பற்றி இவர்களைவிட அவளுக்குத்தான் அதிகம் தெரிந்திருந்தது.

குழுவின் பெயர் ‘லிஃப்ட் வேலை செய்யவில்லை’. இடி பிறந்து வளர்ந்த அடுக்குமாடியின் வாசலில் நிரந்தரமாகத் தொங்கிய அறிவிப்பு அது. மொத்தம் ஒரு கேசட், அதில் எட்டுப் பாட்டு. இருபது வருஷத்துக்கு மேல் அது யார் வீட்டுப் பரணிலோ தூசி தின்றுகொண்டிருந்தது. போன வருஷம் யாரோ எடுத்து இணையத்தில் ஏற்றிவிட, முகம் தெரியாதவர்களெல்லாம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவர்களை மயக்கியது அந்த வேகம். பாட்டுக்குப் பாட்டு வேகம் ஏறிக்கொண்டே போகும். முதல் பாட்டில் சாதாரண எரிச்சல், எட்டாவது பாட்டில் கண்மண் தெரியாத வெறி. பாடுகிற பெண்ணின் குரலும் கூடவே ஏறி, கடைசியில் கண்ணாடியைக் கீறுகிற கீச்சாக முடியும். இப்படித் திட்டமிட்டு ஒரு கோபத்தைக் கட்டி எழுப்பியவர்கள் உண்டா என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்.

அந்தப் பாடகி இடியின் தங்கை, சின்னு. இசைத்தட்டு வெளியாகக் குழுவில் இருந்த மூன்று பேருடைய சம்மதமும் வேண்டும். அதற்காக நிறுவனத்துப் பெண் சின்னுவிடம் தொலைபேசியில் பேசியிருந்தாள்.

“எல்லாத்துக்கும் சரின்னுட்டாங்க. போட்டோ, பேரு, எதுலயும் பிரச்சனை இல்ல. ஆனா, ‘என்ன வகைன்னு வேணா எழுதிக்கோங்க, பங்க்னு மட்டும் போடாதீங்க’ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க.”

“குரல் எப்படி இருந்துச்சு?” என்று இடி கேட்டாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. “குரலா? கொஞ்சம் கரகரன்னு. சளி பிடிச்சிருக்கும்போல.”

சளி இல்லை என்று இடிக்குத் தெரியும். ஆனாலும் தங்கையைப் பற்றி இன்னொருத்தி சொல்லிக் கேட்பதே அவளுக்கு எதையோ தின்னக் கொடுத்த மாதிரி இருந்தது. இன்னும் ஏதாவது சொல்ல மாட்டாளா என்று அந்தப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவும் தங்கையும் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். கேசட் தயாராகி வந்த அன்று சமையலறையில் எல்லோருமாக உட்கார்ந்து போட்டுக் கேட்டார்கள். எட்டாவது பாட்டு முடிந்ததும் சின்னு, “இது என் குரல் இல்ல” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். யாருக்கும் தன் குரலைக் கேசட்டில் கேட்டால் வேறு யாரோ மாதிரித்தான் இருக்கும், இது ஊரறிந்த விஷயம் என்றார்கள். அதை முதலில் சொன்னவள் இடிதான். “நாம இவ்வளவு வேகமாவா வாசிச்சோம்?” என்று சின்னு மறுபடியும் கேட்டாள். “முதல் தடவை இல்லையா, பயத்துல ஓட்டிட்டோம்” என்றான் கம்பி. பேச்சு அதோடு முடிந்தது.

கேசட்டைக் கேட்டுவிட்டு வந்த கூட்டம் மேடையிலும் அதே வேகத்தைக் கேட்டது. இடிக்குக் கை துறுதுறுவென்று இருந்த வயது, கேட்டதற்கு மேலேயே அடித்தாள். அந்த வேகத்தில், அந்தக் கீச்சில் பாட முடியாது, கத்தத்தான் முடியும். சின்னு கத்தினாள். ஒரு வருஷம் கத்தியதில் தொண்டை புண்ணாகி, சில மாதம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அவள் திறக்கவில்லை. பேசக் கூடாத காலம் முடிந்து எல்லோரிடமும் பேச்சு திரும்பியது, அக்காவிடம் மட்டும் திரும்பவில்லை. கம்பியின் கிட்டாரையும் அக்காவின் டிரம்ஸையும் அப்படியே விட்டுவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். அம்மா செத்தபோது வந்து, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினாள். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் இடி நாலு வரி எழுதி அனுப்புவாள். பதிலுக்குக் கைகூப்பிய படம் ஒன்று வரும். அந்தக் கைகளை இடி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சின்னு ஒரு விஷயத்தில் இது வேண்டாம் என்று வாய் திறந்திருக்கிறாள். ஏன் என்று இடிக்குத் தெரியாது. ஆனால் தங்கை நிற்கிற பக்கம் போய் நின்றுவிட வேண்டும் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. இந்த ஒரு சொல்லில் அவளுக்காக நின்று ஜெயித்துவிட்டால், அதைச் சொல்ல ஒரு தொலைபேசி அழைப்பு. அந்த அழைப்புக்கு ஏங்கித்தான் அவள் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள்.

“கிட்டாருல மூணு கார்டு, ரெண்டு நிமிஷம், வாய் நிறையக் கோபம். இது பங்க் ராக் இல்லாம வேற என்ன, பிரார்த்தனைக் கூட்டமா?” என்றான் கம்பி.

“சார், இந்த வேகத்துக்குப் பங்க்னு சொன்னா எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. பங்க்கையே இன்னும் முடுக்கி, இன்னும் கத்த விட்டா ஹார்ட்கோர். கடையில அந்த அடுக்குல வச்சாதான் தேடி வந்து எடுப்பாங்க” என்றாள் அந்தப் பெண்.

“ரெண்டும் இல்ல” என்றாள் இடி.

“அப்ப என்னன்னு சொல்லு.”

“தெரியாது. ஆனா பங்க் இல்ல.”

“கட்சி மாறிட்டியே! என் பொண்ணு கல்யாணத்துல மைக்கப் பிடுங்கி ‘நாங்கதான் பங்க்’னு கத்துனது யாரு, உன் ஆவியா?”

“அப்ப சின்னு ஒண்ணும் சொல்லல. இப்ப சொல்லியிருக்கா.”

கம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பாட்டுல என்ன இருக்குன்னு பாரு இடி, பாசத்துல என்ன இருக்குன்னு பார்க்காதே” என்று எழுந்து போனான். ‘ஓட்டக் கற்பவர்’ பலகைகளுக்குப் பின்னாலிருந்து பழைய கிட்டாரை இழுத்து, உறையைத் தட்டினான். கிளம்பிய தூசியில் மூன்று பேரும் தும்மினார்கள். “எட்டாவது பாட்டைப் போடும்மா. நான் கூடவே வாசிக்கிறேன். மூணே கார்டு. கேட்டுட்டு நீயே சொல்லு.”

தான் வாசித்ததோடு தானே சேர்ந்து வாசித்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்? கேசட் வந்த நாளிலிருந்து கம்பிக்கும் தோன்றியதில்லை. மடிக்கணினியில் பாட்டு பாய்ந்தது, கிட்டாரும் பாய்ந்தது, இரண்டும் முட்டிக்கொண்டன. கேட்கச் சகிக்கவில்லை.

“கிட்டார் இறங்கிப் போச்சு” என்று சொல்லிக் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தான். மறுபடியும் முட்டியது. விரலைக் கிட்டாரின் கழுத்தில் ஒவ்வொரு கட்டமாக மேலே நகர்த்திக்கொண்டே போய், ஐந்தாவது கட்டத்தில் பாட்டோடு போய் ஒட்டினான். ஒட்டியதும் முகம் மாறியது.

“என்னடா?” என்றாள் இடி.

“இந்தப் பாட்டுல அடிக் கம்பிய விரலே வைக்காம சும்மா அடிப்பேன். அது நல்லா ஞாபகம் இருக்கு, கை அதுபாட்டுக்குப் போகுது. ஆனா டேப்புல அது அஞ்சு கட்டம் மேல கேக்குது. அவ்வளவு தூரம் முறுக்கினா கம்பி அறுந்து மூஞ்சியில அடிச்சிருக்கும்.” நெற்றியைத் தேய்த்தான். “முதல் பாட்டைப் போடு.”

முதல் பாட்டு கிட்டத்தட்ட ஒட்டியது. மூன்றாவது பாட்டு ஒரு கட்டம் தள்ளியிருந்தது. ஆறாவதில் மூன்று கட்டம். பாட்டுக்குப் பாட்டு ஏறியது வேகம் மட்டும் இல்லை, சுருதியும்தான். இதைக் கேட்டுக்கொண்டிருந்த இடியின் கண்ணுக்கு முன்னால் அந்தக் காகிதக் கிடங்கு வந்து நின்றது.

பதிவு நடந்தது அப்பா வேலை பார்த்த அச்சகத்தின் காகிதக் கிடங்கில். கூரை வரை காகிதக் கட்டுகள், சத்தம் வெளியே போகாது. சுவரில் இருந்தது ஒரே ஒரு பிளக். அதைக் கிட்டாரின் ஆம்ப்ளிஃபையர் பிடித்துக்கொண்டது. பதிவு செய்யும் டேப் ரெக்கார்டருக்குக் காவல்காரரின் டார்ச் லைட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றிப் போட்டார்கள். அவர் எத்தனை ராத்திரி அடித்த டார்ச்சோ, யார் கேட்டார்கள்?

“பேட்டரி” என்றாள் இடி.

கம்பி அவளைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. “பேட்டரி தீரத் தீர டேப் மெதுவா சுத்தியிருக்கு. மெதுவாச் சுத்திப் பதிஞ்சதை நல்ல மெஷின்ல போட்டா…”

“வேகமா ஓடும்” என்று முடித்தாள் அந்தப் பெண். அவள் முகத்தில் ஈயாடவில்லை. “ஐயோ. போகப் போகக் கோபம் ஏறுதுன்னு நானே ரெண்டு கட்டுரை எழுதியிருக்கேனே.”

“கோபம் ஏறலம்மா, பேட்டரி இறங்கியிருக்கு” என்று சொல்லிவிட்டுக் கம்பி சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. இடி சிரிக்கவில்லை.

“மெதுவாக்க முடியுமா?” என்று கேட்டாள்.

அந்தப் பெண் மனசில்லாமல் திரையில் ஒரு குமிழைப் பிடித்து இழுத்தாள். பாட்டு தளர்ந்தது. கம்பி அடிக் கம்பியை அடித்தபடி, இன்னும், இன்னும் கொஞ்சம் என்று தலையாட்டினான். ஓரிடத்தில் கிட்டாரும் பாட்டும் ஒன்றாயின. அங்கே நிறுத்திவிட்டு, முதலிலிருந்து போட்டாள்.

சின்னு பாடினாள்.

கீச்சுக் குரல் எங்கும் இல்லை. கனமான, அவசரமே இல்லாத, அடித்தொண்டையிலிருந்து வருகிற குரல். குளியலறையில் வாளி நிறைகிற நேரத்தில் பாடுவாளே, அதே குரல். ‘படிக்கட்டுல உட்கார்ந்திருக்கேன், நீ வர்ற சத்தம் கேக்குது’ என்பது பாட்டின் முதல் வரி. கத்திச் சொன்னால் அது மிரட்டல். அரசாங்கத்தைக் கவிழ்க்கிற பாட்டு என்றுகூட ரசிகர்கள் எழுதியிருந்தார்கள். இப்போது மிரட்டல் கழன்று விழுந்துவிட்டது. அம்மாவுக்குச் சாயங்கால வேலை. இடி அப்போதுதான் ஒரு தையல் ஆலையில் சேர்ந்திருந்தாள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஆறாவது மாடிப் படியில் உட்கார்ந்துகொண்டு, கீழே கேட்கிற காலடி அக்காவுடையதா என்று ஒரு பெண் காத்திருக்கிறாள். பாட்டு அவ்வளவுதான். வார்த்தைகள் இடிக்கு மனப்பாடம். மேடைக்கு மேடை அவற்றின் மேல் அடித்து நொறுக்கியவள் அவள். சின்னு தன்னைத்தான் பாடியிருக்கிறாள் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

பின்னால் டிரம்ஸ் மெல்ல, காத்திருந்து காத்திருந்து விழுந்தது. அந்தப் பதிவு நாளில் தன் கையும் அவசரப்படவில்லை என்பதைக் கேட்டபோது இடிக்கு அழுகை முட்டியது. அவள் அடக்கவில்லை. கம்பி சாலைக் குறியீடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இது பங்க் இல்ல” என்றாள் அந்தப் பெண் சன்னமாக. “என்னன்னு எனக்கும் தெரியல.”

“ஆனா இடி,” என்று கம்பி திரும்பினான். கெஞ்சுகிற குரல். “அந்த வேகத்தை எடுத்துடாதே. நாள் பூரா பக்கத்து சீட்டுல உட்கார்ந்து, முப்பதைத் தாண்டாதே, பிரேக்கைப் போடுன்னு சொல்லிட்டிருக்கிறவன் நான். என் வாழ்க்கையில வேகமாப் போனது அந்தக் கேசட் ஒண்ணுதான். அது பேட்டரியாவே இருந்துட்டுப் போகட்டும்.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எதைத் தட்டில் போடுவது என்று பாடியவளைக் கேட்காமல் முடிவு செய்ய முடியாது. அந்தப் பெண் தொலைபேசியை எடுத்தாள். “நான் பேசுறேன்” என்று இடி தன் தொலைபேசியில் எண்ணைத் தட்டினாள்.

நாலைந்து முறை மணி அடித்தது. எடுக்க மாட்டாள் என்று நினைத்தபோது எடுத்தாள்.

“சொல்லுக்கா.”

கரகரத்த குரல். ஆனால் அதில் ‘அக்கா’ இருந்தது. இத்தனை வருஷமாக மெழுகு செதுக்கும்போதும் பேருந்தில் நிற்கும்போதும் இடி பேசிப் பேசிப் பார்த்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட உதவிக்கு வரவில்லை. “ஒரு பாட்டுப் போடுறேன், கேளு” என்று மட்டும் சொல்லி, தொலைபேசியை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. முதல் வரி முடிவதற்குள் குழாய் மூடப்பட்டது. பாட்டு முழுவதும் ஓடி நின்றது.

“இன்னொரு தடவை போடு” என்றாள் சின்னு.

இரண்டாவது தடவை, பாட்டுக்கு அடியில் தொலைபேசியிலிருந்து ஒரு முனகல் வந்தது. சின்னுவும் கூடவே பாடப் பார்த்தாள். குரல் இரண்டு வரி தாங்கியது. மேலே திரும்புகிற இடத்தில் உடைந்து, இருமலாகி, நின்றுவிட்டது. பாட்டிலிருந்த பெண் மட்டும் சிரமமில்லாமல் ஏறிப் போனாள்.

“பேட்டரிடி, சின்னு” என்று இடி அழுதுகொண்டே சொன்னாள். “டார்ச் பேட்டரி. தீர்ந்துபோனதைப் போட்டுப் பதிஞ்சிருக்கோம். நீ அப்பவே சொன்னே. நாங்க யாரும் கேக்கல. நான் கேக்கல.”

“ம்.”

“இப்பக் கேட்டுட்டேன்டி.”

“ம்” என்றாள் மறுபடியும். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இடி அதைப் பிடித்துக்கொண்டு ஏறியிருப்பாள்.

“எதைப் போடணும்னு நீயே சொல்லு. நீ சொல்றதுதான். நான் கம்பியோட சண்டை போட்டாவது போட வைக்கிறேன்.”

“வேகமா இருக்கிறதையே போடுங்க. எல்லாருக்கும் தெரிஞ்சது அதுதானே. பங்க்னே எழுதிக்கோங்க.”

“நீதானே வேண்டாம்னு சொன்னே?”

“பங்க்னா அந்தக் கத்தல்தானே. அதை என் குரல்னு நினைச்சிட்டிருந்தாங்களேன்னு இருந்துச்சு. நானே அப்படி நினைக்க ஆரம்பிச்சுட்டேன். இப்ப இது இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அந்தக் கத்துறவ யாரா வேணா இருந்துட்டுப் போகட்டும்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “இதை எனக்கு அனுப்பிடுக்கா. அங்க யாரும் வச்சுக்க வேண்டாம். எனக்கு மட்டும்.”

இதற்காகத்தானே இத்தனை வருஷம். “அனுப்புறது என்னடி, நானே எடுத்துட்டு வரேன். நாளைக்கே லீவு சொல்லிட்டுக் கிளம்புறேன். உன் வீட்டுல உட்கார்ந்து ரெண்டு பேரும் கேப்போம். ஒரு நாள் இருந்துட்டு…”

அந்தப் பக்கம் குழாய் மறுபடியும் திறந்தது. பாத்திரம் ஒன்று கழுவப்படுகிற சத்தம் கேட்டது.

“வேண்டாம்க்கா” என்றாள் சின்னு. மெதுவாக, பிரியமாகக்கூடச் சொன்னாள். “அனுப்பினாப் போதும்.”

“சரி” என்றாள் இடி.

“சரிக்கா.”

அழைப்பு முடிந்த பிறகும் இடி தொலைபேசியைக் காதிலேயே வைத்திருந்தாள். கம்பி பொறுக்க முடியாமல் பக்கத்தில் வந்தான்.

“என்ன சொன்னா?”

“பங்க்தானாம்.”

“நான் சொன்னேன்ல! அப்பவே சொன்னேன்ல!” கம்பி கிட்டாரைத் தூக்கிக்கொண்டு, தொப்பை குலுங்க ஒரு குதி குதித்தான். அந்தப் பெண்ணும் நிம்மதியாகச் சிரித்து, பின்னட்டையில் அந்தச் சொல்லைத் தட்டிச் சேர்த்தாள். பிறகுதான் இடியின் முகத்தைக் கவனித்தாள்.

“அந்த மெதுவான பாட்டு, அக்கா? அதை என்ன செய்யறது?”

“அவளுக்கு அனுப்பிடு. அனுப்பிட்டு இங்க அழிச்சிடு.”

“உங்களுக்கு ஒண்ணு வேண்டாமா?”

வேண்டாம் என்று இடி தலையை ஆட்டினாள். அந்தப் பெண் முகவரியைத் தட்டி, அனுப்புகிற பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள். இடி நாற்காலியை இழுத்து, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“அனுப்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை போடும்மா” என்றாள்.